ஏரியைச் சுற்றி வீட்டுக்குப் போனவர்

டெரிக் துரை இறந்துபோன செய்தி வந்தபோது நான் கடையில் பருப்பு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்தே மழை. இங்கிலாந்திலிருந்து அவருடைய மகள் ஹெலன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அப்பா முதியோர் இல்லத்தில் காலமானார், வலியில்லாமல் போனார், மலையில், ரிங்லெட் ஊரில் அவரை அறிந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று இருந்தது. மாவுக் கையோடு மறுபடியும் படித்துப் பார்த்துவிட்டு, கடையில் இருந்தவர்களிடம் சொன்னேன். ஒருவர், "எண்பது தாண்டிருச்சுல்ல, பரவால்ல லா. கடைசில சொந்த மண்ணுல போய்ச் சேந்துட்டாரு. குடுத்து வச்சவரு" என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு எழுதுகிறவள் நான். இன்று இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் 'குடுத்து வச்சவரு'தான் காரணம். அவரோடு பழகிய நீங்களாவது நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்று. அவர் துரையே இல்லை. தேயிலைத் தோட்டத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கோலாலம்பூரில் ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குளிருக்காக மனைவி மார்கரெட்டோடு மலையேறி வந்தவர். ஏரிக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரர், பங்களாவில் இருக்கிறார், நாய் வளர்க்கிறார். நம் ஆட்களுக்கு இது போதாதா? வந்த வாரமே துரை ஆக்கிவிட்டார்கள். மார்கரெட் துரைசாணி ஆனார். "என் பெயர் டெரிக்" என்று அவரும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். "சரிங்க துரை" என்பார்கள். கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

காலையில் பக்கத்து ஊரான தானா ராத்தாவுக்குப் போய்க் கோல்ப் ஆடுவார். ஆடுவதைவிடப் பந்து தேடுவதே அதிகம் என்று துரைசாணி கேலி செய்வார். பிற்பகலில் ரோஜாச் செடிகளோடு மல்லுக்கட்டுவார். இந்த மழையில் பாதி மொட்டு விரியாமலே அழுகிவிடும். அதற்கும் அவருக்கு வருத்தமில்லை. ஒரு நாள் நான் மழையைத் திட்டிக்கொண்டிருந்தபோது, "மழையை ஏசாதே கமலா, நாங்கள் அதற்காகத்தானே இங்கே வந்தோம்" என்றார். அவர் பேசுவது ஆங்கிலமும் கடைத்தெரு மலாயும் கலந்தது. நான் தமிழில் தருகிறேன். சாயங்காலம் இருவரும் காரில் இறங்கி என் கடைக்கு வருவார்கள். வடைக்கு முள்கரண்டியும் கத்தியும் கேட்ட வாடிக்கையாளர் எனக்கு அவர் ஒருவர்தான். நானும் கொடுத்தேன். வடை தட்டை விட்டுப் பறந்து பக்கத்து மேசைக்காரர் மடியில் விழுந்த பிறகுதான் கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டார்.

துரைசாணிக்கு மறதி வந்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. தேநீர் குடித்ததை மறந்து இன்னொரு தரம் கேட்பார். என் பெயரை மறந்தார், நாயின் பெயரை மறந்தார். பிறகு வழி மறந்து தேயிலைக்குள் இறங்க ஆரம்பித்தார். கொழுந்து பறிக்கிற பங்களாதேஷ் பையன்கள்தான் கையைப் பிடித்துப் பங்களாவில் கொண்டுபோய் விடுவார்கள். அப்போதெல்லாம் எங்கள் எதிரில் துரை சிரித்துக்கொண்டே சமாளித்தார்.

ஒரு பிற்பகல் காரிலிருந்து இறங்கிய துரையின் கையில் ஒரு பயணப் பெட்டி இருந்தது. துரைசாணி கம்பளிக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மேசையில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். துரை நேரே அடுப்புப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள், கமலா. இங்கிலாந்துக்கு. இன்றும் காலையிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாள். நீ வந்து, பயணம் எப்படி இருந்தது என்று மட்டும் கேள்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு ஏன் என்று கேட்க மனம் வரவில்லை. தேநீரைக் கொண்டுபோய் வைத்து, "பயணம் எப்படி மேடம்? களைச்சுப் போயிட்டீங்களா?" என்றேன். துரைசாணி பெருமூச்சு விட்டு, "ரோடு படுமோசம். ஆனால் வந்து சேர்ந்துவிட்டோம்" என்றார். தேநீர் குடித்தார்கள். திரும்ப ஏரியைச் சுற்றிக்கொண்டு மேலே போனார்கள். பங்களா வாசலில் இறங்கியதும், "அப்பாடா, வீடு வந்துவிட்டது" என்று சொல்லிக் கோட்டைக் கழற்றினாராம்.

அதன் பிறகு தினமும் இதே கதைதான். மதியம் ஆனால் துரைசாணி பெட்டி கட்டுவார். அதில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் என் கடையில் திறந்து பார்த்தால் ஒற்றைச் செருப்பும் ஒரு முழு முட்டைக்கோசும் இருந்தன. பொய் சொன்ன வாய்க்குப் பொரியும் கிடைக்காது என்று சொல்லிச் சொல்லி என் அம்மா என்னை வளர்த்தார். என் கடையில் அந்தப் பொய்க்குத் தினம் தேநீரும் வடையும் கிடைத்தது. பயணம் எப்படி என்று கேட்பதற்கு வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள்.

ஆரோக்கியம் கிராணி மட்டும் பழகவில்லை. தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் விட்டுப்போன இங்கிலீசு தன்னிடம்தான் பத்திரமாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஒரு நாள் துரைசாணி "இங்கிலாந்தில் இன்னும் மழை நிற்கவில்லை" என்று சொல்ல, கிராணி எழுந்து நின்று மிகுந்த மரியாதையோடு, "மன்னிக்கணும் மேடம். இது ரிங்லெட். இங்கிலாந்துக்கு நீங்க பிளேன்ல போகணும்" என்றார். துரைசாணி வெளியே நின்ற லோரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் இழவு வீட்டில்கூடக் கேட்டதில்லை. காரில் ஏற்றப் போன துரையின் முகத்தைப் பிறாண்டிவிட்டார்.

மறுநாள் கன்னத்தில் பிளாஸ்திரியோடு துரை வந்தார். கிராணி காத்திருந்தார். "தப்பா ஒண்ணும் சொல்லலியே துரை. உள்ளதத்தானே சொன்னேன்" என்றார், பாவம். துரை அவருக்கும் ஒரு தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "நீங்கள் சொன்னது சரிதான். நானும் ஒரு வருஷம் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாக்குவாதத்தில் தினமும் நான் ஜெயித்தேன், அவள் தினமும் அழுதாள்" என்றார். அன்றிலிருந்து காரிலிருந்து பெட்டியை இறக்குவது கிராணியின் வேலையாயிற்று. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

துரைசாணி அடுத்த மழைக்காலத்தில் சளி கட்டி இறந்தார். புதைத்த அன்றும் மழைதான். குழியில் தண்ணீர் ஊற ஊற ஆட்கள் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். சவப்பெட்டி இறங்கியபோது சேற்றுத் தண்ணீரில் அது அமிழ்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. துரை அழவில்லை. பக்கத்தில் இருந்த வெற்று இடத்தைக் காட்டி, "இதை எனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இனி நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகும் அதே நேரத்துக்குத் தினமும் கடைக்கு வருவார். பழக்கம் விடவில்லை என்று நினைத்தோம். பாதி வடையை வைத்துவிட்டுப் போவார். ரோஜாவைப் பற்றிக் கேட்டால் எந்த ரோஜா என்பார். ஒரு நாள் கையில் பெட்டியோடு வந்து நின்றார். "மார்கரெட் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் எப்படிப் போவது?" என்றார். கிராணி போய்ப் பெட்டியை வாங்கி வைத்தார். நான் தேநீரைக் கொண்டுபோய் வைத்து, "பயணம் எப்படி துரை?" என்றேன். அவர் என்னையே பார்த்தார். தான் சொல்லிக்கொடுத்த வார்த்தையே என் வாயில் வருகிறது என்று அவருக்கு ஒரு கணம் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன். "ரோடு மோசம்" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். அன்றே கார்ச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் சுப்பையா கோலா தெர்லா தோட்டங்களிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர், இரவில்தான் வேலை. அதனால் பிற்பகலில் அவரே போய்த் துரையை அந்தக் காரிலேயே ஏற்றி வந்து, ஏரியைச் சுற்றிக் கொண்டுபோய் விடுவார். வாசலில் இறங்கியதும் துரை அவருக்குக் கைகொடுத்து, கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொல்வார்.

ஹெலன் வந்தாள். அவளைக் கெட்டவள் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஒற்றைப் பிள்ளை. தனியாகக் கிடக்கிற அப்பாவை எந்த மகள்தான் அப்படியே விடுவாள்? தன் வீட்டுப் பக்கத்திலேயே நல்ல இல்லமாகப் பார்த்திருந்தாள். நான் எங்கள் பிற்பகல் வழக்கத்தைச் சொன்னேன். "வீட்டுக்குப் போகணும்னு கேட்டா மறுத்துப் பேசாதீங்க. கார்ல ஏத்தி ஒரு சுத்து சுத்திட்டு, அதே வாசல்ல இறக்கிவிடுங்க. அது போதும்" என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "மன்னிக்க வேண்டும் கமலா. நான் அப்பாவிடம் பொய் சொன்னதே இல்லை. இப்போது அவருக்குப் புரியாது என்பதற்காகத் தொடங்க மாட்டேன்" என்றாள்.

புறப்பட்ட அன்று வேன் என் கடையில் நின்றது. துரைக்கு நல்ல சந்தோஷம். வழக்கம்போல உட்கார்ந்து தேநீர் குடித்தார், ரோடு மோசம் என்றார், எல்லோருக்கும் கைகொடுத்தார். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். தினமும் வண்டி அந்த இடத்தில் ஏரிப் பக்கம் மேலே திரும்பும். அன்று மலையை விட்டுத் தாப்பா ரோட்டில் கீழே இறங்கியது. துரை ஜன்னலில் திரும்பி எங்களைப் பார்த்தார். வண்டிக்காரர் வழி தவறிவிட்டார் என்று சொல்வதுபோல எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். வளைவில் வேன் மறையும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

இப்போது செய்திக்கு வருகிறேன். வாட்ஸ்அப் வந்த மறுநாள் ஹெலன் கூப்பிட்டாள். அங்கே போன நாளிலிருந்து அப்பா தினமும் பிற்பகல் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகே போய் நிற்பாராம். வீட்டுக்குப் போக வேண்டும், மார்கரெட் காத்திருக்கிறாள் என்பாராம். இவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, அம்மா இறந்துவிட்டாள் அப்பா, இனி இதுதான் உங்கள் வீடு என்று சொல்வாளாம். அவர் அன்றுதான் முதல் முறை கேட்பதுபோல அழுவாராம். மறுநாள் மறந்திருப்பார். மறுபடி கதவருகே நிற்பார். இவள் மறுபடி சொல்வாள். சாகிறவரை அந்த மனிதர் தன் மனைவியைத் தினமும் பறிகொடுத்தார். அவரை அங்கேயே எரித்தும் விட்டார்கள். இங்கே துரைசாணிக்குப் பக்கத்தில் அந்த இடம் சும்மா கிடக்கிறது. குடுத்து வச்சவராம்.

நான் சொன்னேனே, கேட்டாயா என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவள் கேட்டாள். "கமலா, நான் உண்மையைத்தான் சொன்னேன். கடைசியிலாவது அவருக்கு அது வீடு என்று தெரிந்திருக்குமா?"

அவருக்குத் தெரிந்திருக்காது. அவள் சொன்னதைக் கேட்ட எவருக்கும் அது விளங்கும். "தெரிஞ்சிருக்கும்மா. மகள் பக்கத்துல இருக்கா, வீட்டுக்கு வந்துட்டோம்னு நிம்மதியாத்தான் போயிருப்பாரு" என்றேன். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஹெலனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்த நீங்கள் யாரும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம். டெரிக் துரையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு பொய்தான். அவர் இருந்திருந்தால் தன் மகளுக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்.