பொன்னுத்தாய்க்கு அந்த ஆடி மாதம்

1983 ஆடி மாதம். பொன்னுத்தாய் பத்தாம் வகுப்பு படித்தாள். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்தவள். தாயில்லாப் பிள்ளை. அப்பா மாடசாமி அட்டுவம்பட்டியில் பூண்டுக்காட்டுக் கூலி. அக்கா மாரியாயி மட்டும், கட்டிக்கொண்டவனுக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்ததால், பண்டாரவளைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள்.

அங்கே தமிழர் வீடுகளைக் கொளுத்துகிறார்கள் என்று செண்பகனூர் டீக்கடை ரேடியோ சொன்னது. தந்தி அடித்தார்கள். பதில் இல்லை.

அந்த வாரம் புவியியலில் ‘மக்கள் இடப்பெயர்ச்சி’ பாடம். சேனாதிபதி சார் காரணங்களைப் போர்டில் எழுதினார்: வேலை, படிப்பு, திருமணம், பஞ்சம்.

"பொன்னுத்தாய், நீங்க சிலோன்லருந்து வந்தவங்கதான? எந்தக் காரணம், சொல்லு."

எழுந்தாள்.

"எங்கள ரெண்டு சர்க்காரும் பேசி அனுப்பிட்டாங்க சார். எங்க அக்கா இன்னும் அங்கனதான் இருக்கு. வீட்டக் கொளுத்துறாங்களாம். உசுருக்குப் பயந்து ஓடியாந்தா அது எதுல சேரும் சார்?"

சார் போர்டில் தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்தார். "உக்காரும்மா" என்றார்.

மறுநாள் வெள்ளனே அப்பா மண்டபம் முகாமுக்குக் கிளம்பினார். "கப்பலேறி வந்தா அங்கனதான் வரணும்."

"நானும் வாரேம்ப்பா."

"வேணாம் புள்ள. தந்தி வந்தா வாங்க ஆள் வேணும்ல."

பக்கத்து வீட்டுக் காளியாயி துணைக்குப் படுத்தாள். பொன்னுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் இருக்கும்போது வெளியே சைக்கிள் மணி கேட்டால் தபால்காரரோ என்று ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பாள். அந்தப் பாடத்தின் பரீட்சையில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டாள். வளைவில் டவுன் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். இறங்குவது வேறு யாராவதாக இருக்கும்.

ஒரு மழைச் சாயங்காலம் அப்பா இறங்கினார். பின்னாலேயே மாரியாயி, இடுப்பில் கைக்குழந்தை. மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"மாமா எங்கக்கா?"

"டவுனுக்குப் போன மனுசன் திரும்பல. தேயிலைக்குள்ள ஒளிஞ்சு கெடந்தோம். தோட்டத்து ஆளுகதான் கப்பலுக்குன்னு ரயிலேத்தி விட்டாங்க."

மாமா பிறகு மார்கழியில்தான் வந்து சேர்ந்தார், ஒரு காலை இழுத்துக்கொண்டு. அது அன்று யாருக்கும் தெரியாது. மாரியாயி காப்பியைத் தொடவில்லை. பலகைக் கதவைத் தடவிப் பார்த்தாள். கட்ட ஒரு கயிறுதான் இருந்தது.

"இதுக்குத் தாழ்ப்பா இல்லையாப்பா?"

மறுநாள் பொன்னுத்தாய் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா ஆணி அடிக்க, அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.