சயாமுக்குப் போயிருந்த பெரியமாமா

கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்து நாலு பேரைச் சிரிக்க வைப்பது என் உபதொழில். சிரம்பான் வட்டாரத்தில் மாப்பிள்ளையைக் கலாய்க்க ஆள் தேவைப்பட்டால் எனக்குத்தான் போன் வரும். மேடை என்றால் எனக்குப் பயமே கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு. மேடையேறும் முன் நான் கழிவறையில் எவ்வளவு நேரம் இருக்கிறேன் என்பது மண்டபக் காவலாளிகளுக்கு மட்டும் தெரியும். ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில், என் பத்து வயதில் தொடங்கிய பழக்கம் அது.

அந்த வருடம் பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரைப் பற்றியோ ஒரு நிகழ்ச்சியைப் பற்றியோ பேச வேண்டும். வாத்தியார் தலைப்புகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார். என் கூட்டாளிக்கு ஒரு ராஜா கிடைத்தார். கூடவே அட்டைக் கிரீடம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகளுக்கு ஒரு விஞ்ஞானி. கூடவே ஒரு கண்ணாடி. எனக்கு வந்தது சயாம் மரண ரயில்.

"ரயிலுக்கு என்ன வேஷம் போடணும் சார்?" என்று கேட்டேன். என் காதைத் திருகிவிட்டு, பேச வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்து வைத்திருந்தபோது, தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை லாரியில் அள்ளிப் போய், சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட வைத்த வரலாறு.

சயாம் எனக்குப் புது ஊர் அல்ல. எங்கள் வீட்டு ஆளே அங்கே இருந்தார். எங்களோடு வசித்த பெரியத்தை, அப்பாவின் மூத்த அக்கா; அவருடைய வீட்டுக்காரர்தான் பெரியமாமா. பெரியமாமா எங்கே என்று யார் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்தான்: "சயாமுக்கு வேலைக்குப் போயிருக்காரு. வேலை முடிஞ்சதும் வந்துருவாரு." அடுத்த வீட்டு அண்ணன் சிங்கப்பூருக்குப் போயிருந்தார், தீபாவளிக்குத் தீபாவளி மிட்டாய் டின்னோடு வருவார். பெரியமாமாவையும் அந்த வகையில்தான் சேர்த்திருந்தேன். என்ன, இவர் ஒரு டின்கூட அனுப்பாத கஞ்சர். பெரியத்தையோ, தோட்டத்தில் புல் வெட்டப் போகும்போதுகூட வட்டமாகக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் போவார். தலையில் ஒரு பூவாவது இருக்கும்.

என் தாளில் செத்துப்போனவர்கள் வரலாற்றைச் சேர்ந்தவர்கள். பெரியமாமா எங்கள் வீட்டைச் சேர்ந்தவர். இந்த இரண்டு கூட்டமும் என் மண்டைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

கோழிக்கூண்டுக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். கோழிகள் பொறுமையான சபை. ஒருநாள் அப்பா பின்னால் வந்து நின்றது தெரியாமல் முழங்கிக்கொண்டிருந்தேன்.

"டே, இத அத்தை முன்னால பேசிக் காட்டுனியா?"

"இல்லப்பா. கோழிங்க முன்னாலதான்."

தாளை வாங்கி உதடு அசைய வாசித்தார். பிறகு கடைசிப் பத்தியைப் பின்பக்கமாக மடித்தார்.

"இதோட நிறுத்திக்கோ. காலரா, சாவு, எலும்பு, அதெல்லாம் வேணாம். மீறிப் பேசுன, தோல உரிச்சிருவேன்."

"முடிவே இல்லன்னா மார்க்கக் கொறைச்சிருவாங்கப்பா!"

"கொறைச்சா கொறைக்கட்டும் லா!"

முதல் பரிசு நாலு நிறத்தில் எழுதும் பேனா. அந்தப் பேனாவை அப்பா ஏன் என் கையிலிருந்து பிடுங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

போட்டியன்று பெரியத்தைதான் முதல் ஆளாக வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தார். புதுச் சேலை, மல்லிகை, மடியில் குடை. அப்பா ஜன்னலோரம் நின்றுகொண்டு என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். கிரீடம் வைத்த ராஜா பேசி முடித்துக் கைத்தட்டல் வாங்கும்போது நான் கழிவறைக்கும் மேடைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறினேன். வாய் கோழிகளிடம் பழகியபடியே ஓடியது. லாரி வந்தது, ஆட்கள் போனார்கள், காடு, மழை, மலை. "இவ்வாறாக அந்த ரயில் பாதை போட்டு முடிக்கப்பட்டது. அதன்மீது ரயிலும் ஓடியது!" என்று கையை வீசிவிட்டு நின்றேன். மடிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் பேசினால் தோல் போய்விடும். பேசாவிட்டால் பேனா போய்விடும். நீதிபதியாக உட்கார்ந்திருந்த டீச்சர் பென்சிலைத் தூக்கிவிட்டார். ஒரு முடிவு வேண்டும், எந்த முடிவாவது! வீட்டில் கேட்டுப் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"எங்க பெரியமாமாவும் அங்கதான் போயிருக்காரு. வேலை முடிஞ்சதும் வந்துருவாரு. நன்றி, வணக்கம்."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்பா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சொதப்பிவிட்டேன் என்பது உறுதியானது. பேனாவை ராஜா கொண்டு போனான்.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தை என்னைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டார். அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"டே, ரயில் ரோட்டு போட்டு முடிச்சாச்சுன்னு சொன்னியே. நெசமாவா?"

"ஆமா அத்தே. வாத்தியாரே எழுதிக் குடுத்தாரு. ரயிலே ஓடிச்சாம்!"

"எப்ப?"

"ஜப்பான்காரன் இருந்தப்பவே அத்தே. நான் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னால."

அத்தை நின்றுவிட்டார். குடை என் தலையை விட்டு நகர்ந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை. வெயில் என் மேல் விழுந்தது.

"அப்ப, வேலை முடிஞ்சிருச்சு" என்றார்.

"முடிஞ்சிருச்சு அத்தே!" என்றேன். பேனா போனால் என்ன, இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்ல முடிந்ததே என்று எனக்கு ஒரே பெருமை. முன்னால் போன அப்பாவும் நின்றுவிட்டார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. கவனமாக மடித்து மறைத்தவர், மடிப்புக்கு மேலே இருந்த அந்த ஒரு வரியை விட்டுவிட்டிருந்தார்.

அத்தைக்கு அதுவரை தெரியாமலா இருந்திருக்கும்? சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் சிலர் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். அவர்கள் அவருக்கு முன்னால் வாய் திறந்ததில்லை, அவரும் கேட்டதில்லை. இதையெல்லாம் நான் இன்று யோசிக்கிறேன். அன்று என் யோசனை முழுக்க மிட்டாய் டின்.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் படையல். தாத்தாவுக்கும் மற்றவர்களுக்கும் போடும் இலைகளோடு, அத்தை தன் கையாலேயே இன்னொரு இலையை விரித்தார். பக்கத்தில் ஒரு புது வேட்டியும் சட்டையும்.

"இது யாருக்கும்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பெரியமாமாவுக்கு" என்றார் அம்மா, மூக்கை முந்தானையில் துடைத்தபடி. வெங்காயம் என்று நினைத்தேன்.

வேறென்ன வேண்டும்? வேட்டி சட்டை தயார், ஆள் வரப் போகிறார்! யாரிடமும் சொல்லாமல் முச்சந்திக்கு ஓடினேன். சிரம்பான் பஸ் வந்தது. பையோடு ஒரு பெரியவர் இறங்கினார்.

"நீங்க சயாம்லேர்ந்து வர்றீங்களா?"

"இங்க பக்கத்துல, லாபுலேர்ந்து வர்றேன்டா. ஏன்?"

அடுத்த பஸ்ஸிலும் யாரும் இல்லை. வீட்டுக்குத் திரும்பியபோது படையல் போட்டதும் செய்யும் வழக்கப்படி வாசல் கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கண் சிவந்திருந்தது. அத்தை நெற்றியில் திருநீறு மட்டும். அடுப்படி வேலையில் பொட்டு அழிந்துவிட்டது போலும்.

"எங்கடா போன?"

"மாமாவக் கூட்டியார அத்தே. பஸ்ல வரல."

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். மல்லிகை வாசனை இல்லை, சாம்பிராணிதான் மணத்தது.

"அவரு வந்துட்டாருடா. உள்ளாற சாப்பிடுறாரு" என்றார். சற்றுப் பொறுத்து அத்தையே கதவைத் திறந்தார். "சாப்பிட்டாச்சு. வா, நீ உக்காரு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. இலையில் சோறு வைத்தபடி, கோழிக்கறி வைத்தபடி. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர், எந்த வழியாக வந்தாரோ, ஒரு வடையைக்கூடத் தொடாமல், புதுச் சட்டையையும் விட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார். டின்னும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய வடையையும் எடுத்து நானே தின்றேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தார்.