பௌர்ணமியன்று வந்த தேர்வு முடிவு

எங்கள் தபால்காரர் உறையைத் தடவிப் பார்த்தே பாஸா பெயிலா என்று கண்டுபிடித்துவிடுவார் என்று நாற்பத்தாறு வயதில் நம்பினேன். திட்ட மேலாண்மைச் சான்றிதழ் தேர்வை எழுதிவிட்டு, ஒன்றரை மாதமாக வேங்கிக்கால் வீட்டு வாசலில் அவருக்காகக் காத்து நின்றவனுக்கு வேறென்ன தோன்றும்?

ஒல்லியானவர், காதில் எப்போதும் ஒரு பேனா. எந்தக் கடிதத்தையும் வாசலில் நின்று முழு விலாசத்தையும் உரக்கப் படித்த பிறகுதான் கொடுப்பார்.

படிப்பதற்கு மணிவாரியாகத் திட்டம் போட்ட நான் பௌர்ணமியை மறந்துவிட்டேன். அன்று ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். மத்தியானம் தாண்டியும் தபால் வரவில்லை. பொறுக்க முடியாமல் தேடிப் போனேன். கூட்டத்துக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எனக்கு எதுனா இருக்குதுங்களா?"

"இருக்குது சார்."

"குடுத்துடுங்க."

"நடுரோட்டுல கதவு நம்பர் ஏது சார்? வூட்டுக்குப் போங்க, வர்றேன்."

ஓடினேன். வந்தவர் பின்கோடு வரை நிதானமாகப் படித்துக் கொடுத்தார். நான் உறையைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "யாருக்குனா உடம்பு சரியில்லையா சார்?" என்றார். பாவம், அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

உறையைப் பிரித்தேன். "பரீட்சைல பாஸ் பண்ணிட்டேங்க."

"இந்த வயசுலயா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாய்ந்தது. சிதறிய தபால்களை இருவரும் குனிந்து பொறுக்கினோம்.