ஒன்று இருபதுக்கு நிற்கும் விசிறி

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நானும் முன்பு அப்படிச் சிரித்தவன்தான். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, நிலா இல்லாத வானம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், மதியம் 1.20க்கு. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, கைபேசியில் பார்த்துச் சொல்கிறேன்.

நான் டிராக்டர் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக இதுதான் சோறு போடுகிறது. என் வேலையில் ஒருவர் குறை சொல்ல முடியாது. வருகையில்தான் குறை. யார் கூப்பிட்டாலும் "நாளைக்கு வரேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதனால் எனக்குப் பட்டப்பெயரே 'நாளைக்கு' என்று ஆகிவிட்டது. "நாளைக்கு இன்னைக்காவது வந்தாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

போன வருடம் வெயில் உச்சத்தில் இருந்தபோது ஒரு பழத்தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. தனியாளாகத் தோட்டத்தைக் கவனிக்கிற பெண். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு சின்ன டிராக்டரைப் பழசாக வாங்கியிருக்கிறாள். மரவரிசைகளுக்கு நடுவே வளைந்து போகிற குட்டி வண்டி. மேலே புதுச் சிவப்புப் பெயின்ட். மூன்று தடவை 'நாளைக்கு' சொல்லிவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை போனேன்.

"காலைல எல்லாம் நல்லா ஓடுது அண்ணா. மத்தியானம் ஒண்ணேகாலுக்கு மேல சூடேறி நின்னுடுது. தினமும்."

"அதுக்கும் சாப்பாட்டு நேரம் தெரியுது போல, தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. வெயிலுக்காகக் கழுத்தில் சுற்றியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வண்டியின் முன்மூடி கழன்று கொட்டகை மூலையில் கிடந்தது. ரேடியேட்டர் முழுக்கத் தூசியும் சருகும். காற்று போகவே வழியில்லை. இது சப்பை மேட்டர் என்று நினைத்தேன். உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினேன். பழைய தண்ணீரை வடித்துப் புதிதாக ஊற்றினேன். ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். விசிறி பெல்ட் தளர்ந்திருந்தது, அதை இழுத்துக் கட்டினேன். பத்து மணியிலிருந்து ஓடவிட்டோம். வெப்பமானி முள் பச்சையிலேயே நின்றது.

1.20க்குப் பெல்ட் கிறீச்சிட்டது.

எட்டிப் பார்த்தேன். எஞ்சின் ஓடுகிறது, பெல்ட் வழுக்குகிறது, விசிறி மட்டும் நிற்கிறது. அந்த வண்டியில் விசிறியும் தண்ணீர் பம்பும் ஒரே தண்டில்தான் சுற்றும். அது நின்றால் காற்றும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. பழுது எங்கே என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஓடவே விட்டேன். முள் சிவப்புக்குப் போனது. 1.31க்கு எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

ஆறிய பிறகு விசிறியை ஒரு விரலால் தட்டினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிடிப்பு இல்லை, உரசல் இல்லை. நடுத்தண்டில் மட்டும் கொஞ்சம் நூல் சுற்றியிருந்தது. நீல நூல். ஏதோ சாக்கு நூல் என்று பிய்த்துப் போட்டேன்.

புதன்கிழமை சொன்னபடி போனேன். எனக்கே ஆச்சரியம். பம்பைக் கழற்றிப் புதுசு போட்டேன். பேரிங் புதுசு, பெல்ட் புதுசு. இனி நிற்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

1.20க்கு நின்றது. 1.31 வரை பெல்ட் கத்தியது. பிறகு எஞ்சின் தானாக நின்றது.

நடுத்தண்டில் மறுபடியும் நீல நூல். புதுத் தண்டு அது. காலையில்தான் டப்பாவிலிருந்து எடுத்தேன்.

"அண்ணா, வண்டில ஏதோ இருக்கு."

"இரும்புல என்ன இருக்கும், தங்கச்சி? இரும்புதான் இருக்கும்" என்று மழுப்பினேன்.

வியாழக்கிழமை. கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி ஓடவிட்டேன். நான் விசிறிக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தேன். அவள் ஓட்டுநர் பக்கம் நின்றாள்.

1.17. விசிறி நன்றாகச் சுற்றியது. முகத்தில் காற்று பட்டது.

1.19. மரங்களில் கத்திக்கொண்டிருந்த குருவிகள் நின்றன.

1.20.

விசிறி ஒரு நொடி தயங்கியது. நின்றது. இறக்கைகள் நடுங்கின... யாரோ இழுத்துப் பிடித்திருப்பதைப் போல. பெல்ட் கிறீச்சிட்டது. கருகிய ரப்பர் நாற்றம்.

"நிறுத்து" என்றேன்.

அவள் நிறுத்துகிற கம்பியை இழுத்தாள். நிற்கவில்லை. நானே போய் இழுத்தேன். டீசல் குழாயை மூடினேன். அதற்கும் நிற்கவில்லை. நான் பார்த்த எந்த எஞ்சினும் அப்படிச் செய்ததில்லை.

பெல்ட் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மெல்லியது. மூச்சை இழுக்கிற சத்தம். இழுக்கிறது... உள்ளே போக மாட்டேன் என்கிறது... மறுபடி இழுக்கிறது...

"தங்கச்சி, நீயா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் ஓட்டுநர் பக்கத்தில் இல்லை. விசிறிக்கு முன்னால் குனிந்து நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

விசிறி நின்றிருந்தது. காற்று துளியும் இல்லை.

அவள் கழுத்துத் துணியின் முனை மட்டும் விசிறியை நோக்கி நேராக நீண்டிருந்தது. விறைப்பாக.

அது இழுபட்டது.

அவள் ஒரு அடி முன்னால் போனாள்.

பாய்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். வரவில்லை. பல்லால் கடித்தேன். கிழிந்தது.

துணி உள்ளே போனது.

1.31. எஞ்சின் நின்றது.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து இருமினாள். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அவள் துணி மஞ்சள் நிறம். நடுத்தண்டில் சிக்கியிருந்த மஞ்சள் துணியைப் பிரித்தபோது, அதற்கு அடியில் நீல நூல் இருந்தது. அப்போதுதான் விசிறியைச் சுற்றி நான்கு குட்டை இரும்புத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சிவப்புப் பெயின்டுக்குள் மறைந்திருந்தன. ஒரு காலத்தில் அங்கே, விசிறியில் எதுவும் சிக்காமல் தடுக்கிற கம்பிக்கூண்டு இருந்திருக்கிறது. யாரோ ரம்பத்தால் அறுத்து, கை கீறாமல் இருக்க முனைகளை அரத்தால் உருட்டி விட்டிருக்கிறார்கள்.

நான் அப்படித்தான் உருட்டுவேன். இங்கே வேறு யாரும் அந்த வேலையைச் செய்வதில்லை. பெயின்டைச் சுரண்டினேன். கீழே பச்சை. ஏழு வருடத்துக்கு முன்பு, நான் வேறு ஊரில் கடை வைத்திருந்தபோது, ஒரு பச்சைக் குட்டி டிராக்டர் இதே மாதிரி சூடேறுகிறது என்று கூப்பிட்டார்கள். கூண்டில் சருகு அடைத்துக் காற்று தடைபட்டது. கழற்றிச் சுத்தம் செய்யப் பொறுமை இல்லை, அறுத்துவிட்டேன். "இனிமே காத்து தாராளமா போகும். நாளைக்கு மத்தியானம் வந்து புதுக் கூண்டு போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. அந்த மாதமே கடையையும் மாற்றிவிட்டேன்.

இந்த வியாழக்கிழமை நான் நாளைக்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கம்பி எடுத்துவந்து, இருட்டுவதற்குள் கூண்டு செய்து பற்றவைத்தேன். அதன்பிறகு இன்றுவரை அந்த வண்டி ஒரு தடவைகூடச் சூடேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய ஊருக்குப் போனேன். அந்த வண்டியை வைத்திருந்த வீட்டுக்காரர் இருந்தார். எனக்கு இப்போது தாடி நரைத்துவிட்டது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. அந்தப் பச்சை டிராக்டரைப் பற்றிக் கேட்டேன்.

"என் சம்சாரம் அதுலதான் போனா. கழுத்துத் துணி விசிறில மாட்டிக்கிச்சு. நான் சந்தைக்குப் போயிருந்தேன்."

"நீலத் துணியா?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"பக்கத்துத் தோட்டத்துக்காரர் சாப்பிட உக்காந்திருக்கார். ஒண்ணு இருபதுக்குப் பெல்ட் கத்த ஆரம்பிச்சுதாம். நிம்மதியா சாப்பிட விடுதான்னு கடிகாரத்தைப் பாத்துப் பாத்து எரிச்சல் பட்டிருக்கார். பதினொரு நிமிஷம். எஞ்சின் சூடேறித் தானா நின்னப்புறம்தான் சத்தம் நின்னுச்சாம்."

அவரே தொடர்ந்தார்.

"ஒரு மெக்கானிக் மத்தியானம் வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. தினமும் அந்த நேரத்துக்கு வண்டியைக் கொட்டகை வாசலுக்குக் கொண்டு வந்து ஓட விட்டுட்டு நிப்பா. அவர் வந்தா காக்க வைக்கக் கூடாதுன்னு சொல்லுவா."

பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரு? எதுக்கு இதெல்லாம் கேக்குறீங்க?"

சொல்லத்தான் போயிருந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் போயிருந்தேன். வாய் தானாகச் சொன்னது.

"நாளைக்கு வந்து சொல்றேன்."

எழுந்து வந்துவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது. இன்னும் போகவில்லை.

என் பட்டறையில் ஒரு மேசை விசிறி இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை மதியம் 1.20க்கு அது நின்றது. மின்சாரம் இருந்தது, விளக்கு எரிந்தது. 1.31க்குத் தானாகச் சுற்றியது. அதிலிருந்து தினமும் இப்படித்தான்.

நான் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. அதில் பழுது இல்லை என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது விசிறி நின்றுவிட்டது. மணி 1.24.

காற்று துளியும் இல்லை.

என் தோளில் கிடக்கிற துண்டின் முனை... மெதுவாக எழும்புகிறது.