கடல்மட்டத்துக்கு இறங்கிய குன்று

கல்முனையில் நான் வரைபட வேலை பார்த்த அலுவலகத்தில் எல்லோரும் கடற்கரைக்காரர்கள். எங்கள் ஊரில் உயரம் என்று சொல்ல பள்ளிவாசல் மினாராவும் தண்ணீர்த் தாங்கியும்தான் உண்டு. வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைச் சரியான இடத்தில் பொருத்த நிலத்தின் உயரத் தரவு வேண்டும் என்று நான் கேட்டபோது அதிகாரி சிரித்தார்.

“கடலும் வயலும் கெடக்கிற இடத்துக்கு என்னத்துக்குத் தம்பி உயரம்? பூச்சியத்தப் போடுங்க.”

போட்டோம். படத்தின் மேற்கோரத்தில் இருந்த ஒரே குன்றும் மரியாதையாகக் கடல்மட்டத்துக்கு இறங்கியது.

ஆனால் செய்மதி அன்று கிழக்கிலிருந்து சாய்வாகப் பார்த்திருந்தது. அப்படிப் பார்த்தால் மேட்டு நிலம் படத்தில் மேற்கே தள்ளி விழும். குன்றிலிருந்த அரசு வனத்தின் எல்லைக் கற்களை நேரில் அளந்து வரைந்த கோடு மட்டும் தன் இடத்திலேயே நின்றது. குன்றின் கிழக்கு அடிவார மேட்டில் இருந்த என் மனைவியின் வயல், ஒரு வரம்பும் அசையாமல், வனத்துக்குள் போய்விட்டது. படம் அப்படியே வனத் திணைக்களத்துக்குப் போனால் வயலில் இனி விதைக்க விடமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வீட்டையும் வயலையும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு வந்து சேர்வார்.

“உம்மா தந்த வயலு. கொம்பியூட்டர்ல காடாக்கிட்டீங்களே,” என்றாள் மனைவி. சோறு மேசைக்கு வந்தது, கறி வரவில்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அதிகாரியை நச்சரித்து உயரத் தரவைச் சேர்த்தேன். குன்று எழும்பியது. மேட்டில் கிடந்ததெல்லாம் கிழக்கே நகர்ந்து சொந்த இடத்துக்கு வர, எங்கள் வயலும் காட்டைவிட்டு வெளியே வந்தது. அதிகாரி என் முதுகில் தட்டினார். பிறகு குன்றின் மேற்குப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே அவருடைய மனைவியின் தென்னந்தோட்டம். பூச்சியத்தின் தயவில் இவ்வளவு நாளும் வனத்துக்கு வெளியே நின்றது, இப்போது உள்ளே நின்றது.

“உயரத்தில பாதியப் போட்டா என்ன தம்பி?”

“ரெண்டு பேர்ட காணியும் கொஞ்சம் கொஞ்சம் காட்டுக்க போகும், சேர்.”

நல்ல மனிதர். சரியான படத்திலேயே கையெழுத்து வைத்தார். பேனாவை மூடியபின் மெதுவாகக் கேட்டார்.

“உங்கட ஊட்டு மாடியில ஒரு அறை சும்மா கெடக்கு எண்டீங்களே?”

மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த வீடும் என்னுடையதல்ல.