சபைக்கு வந்த வெங்காய மூட்டை

வலக்கையில் சிறு கத்தி, இடக்கையில் சின்ன வெங்காயம். தாளையும் வேரையும் நறுக்கிக் கூடையில் போடுகிறாள் செங்கமலம். கண் மட்டும் கூடையில் இல்லை, கிராம சபை மேசைமீது இருக்கிறது. சுற்றிலும் கிழக்குத் தெருப் பெண்கள், மடி நிறைய வெங்காயத்தோடு.

குன்னம் பக்கத்து இந்த ஊருக்கு முன்பு ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டம் வந்தது. மகளிர் குழு, பயிற்சி, கூட்டத்துக்கு அழைத்துப்போக ஜீப், வந்தவர்களுக்கு டீயும் பன்னும். பெண்கள் முன்வரிசையில் உட்காருவார்கள், போட்டோ எடுத்ததும் எழுந்துவிடுவார்கள். திட்டம் முடிந்தது, ஜீப் போனது, முன்வரிசையும் காலியானது. "பொம்பளைங்க வரலியே, நாங்க என்ன பண்றது?" என்று கையை விரித்தார் ஊராட்சித் தலைவர் நடராசன்.

வர முடியாதுதான். சபை கூடும் நேரத்தில் அவர்கள் வியாபாரி வைரக்கண்ணுவின் களத்தில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். எழுந்து வந்தால் அன்றைய கூலி போச்சு.

ஆனால் திட்டம் போனபிறகும் செங்கமலத்திடம் ஒன்று தங்கிவிட்டது. பத்துப் பேர் முன்னால் பேச அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்வதில்லை. "டீ நின்னுபோச்சி. அதுக்காக வாயும் நின்னுடுமா?" என்பாள். இந்தச் சபையில் குடிநீர்த் தொட்டி பற்றிய பேச்சு என்று தெரிந்ததும் நேரே வைரக்கண்ணுவிடம் போனாள். "மூட்டைய சபைக்கு அனுப்புங்கண்ணே. அங்க உக்காந்து ஆஞ்சா வெங்காயம் வேணாம்னா சொல்லும்?" அவர் சிரித்துக்கொண்டே டிராக்டரில் ஏற்றிவிட்டார். எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராத யோசனை இது. நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

வெங்காய நெடி மேசைவரை போயிருந்தது. நடராசன் கண்ணைத் துடைத்தபடி வாசித்தார்: தொட்டி மேலத்தெருவுக்கு. அங்கே ஏற்கெனவே குழாய் உண்டு. கிழக்குத் தெருவுக்குத்தான் வயல்காட்டு மோட்டார் வரை குடத்தோடு நடை.

"எங்களுக்குச் சம்மதமில்லைங்க. தொட்டி எங்க தெருவுக்கு வேணும்" என்றாள் செங்கமலம்.

"அடுத்த வருஷம் பாக்கலாம். நீ வேலையப் பாரும்மா."

செங்கமலம் கத்தியைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் மேகலா வைத்தாள், அவளுக்கு அடுத்தவளும். காலையிலிருந்து கேட்ட நறுக் நறுக் சத்தம் அடங்கிப்போனது. அத்தனை பேரும் தலைவரையே பார்த்தார்கள். சபையில் பாதிக்கு மேல் அவர்கள்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கிழக்குத் தெருன்னே எழுதுய்யா" என்றார் செயலரிடம்.

எழுதி, உரக்க வாசித்து முடிக்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு கத்தியை எடுத்து, அடுத்த வெங்காயத்தின் வேரை நறுக்கினாள்.