வண்டி ஆஃப் ஆனால்

என் அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பதினெட்டு வருஷத்தில் அவளிடம் கற்றும் லைசென்ஸ் வாங்காத ஒரே ஆள் நான்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. அவள் பேருக்குத் திருஷ்டிப் பொட்டாக ஒருத்தன் வேண்டாமா?

புதிதாகக் கற்பவர்கள் நடுரோட்டில் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு வெலவெலத்துப் போவார்கள். பின்னால் ஹாரன் காதைப் பிளக்கும். ஆனாலும் அக்கா, "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லவே மாட்டாள். "அப்படிச் சொன்னா பயம் ரெட்டிப்பாகும்டா" என்பாள்.

பள்ளி விட்டதும் அவள் மகள் அந்தக் காரின் பின்சீட்டில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். படிப்பில் கெட்டி. ஆனால் கேள்வித்தாளைக் கையில் கொடுத்தால் போதும், விரல் சில்லிட்டுவிடும், படித்தது அத்தனையும் மறந்துவிடும். மாதிரித் தேர்வில் வேதியியல் தாளை வெறுமையாகவே கொடுத்துவிட்டு வந்து அழுதாள்.

இறுதித் தேர்வில் வேதியியல் அன்று பள்ளியிலிருந்து போன். மகள் தேர்வறையில் விடையைச் சத்தமாகச் சொல்லிவிட்டாளாம். அக்கா உடனே காரை எடுத்தாள். நானும் கூடப் போனேன்.

தலைமையாசிரியை அறையில் மேசைமேல் விடைத்தாள் தனியாகக் கிடந்தது. அக்கா மகளை, என் மருமகளை, வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

"'நியூட்ரல்'னு சொல்லியிருக்கா. அமிலமும் இல்லாத காரமும் இல்லாத கரைசல் எதுன்னு மூணாவது கேள்வி. விடையே அதுதான்" என்றார் தலைமையாசிரியை. "காரணம் கேட்டா இந்தக் காகிதத்தில எழுதிக் குடுத்திருக்கா. நீங்க சொல்லுங்க, உங்க வீட்ல நியூட்ரல்னா என்ன? நீங்க சொல்றது இதோட ஒத்துப்போகலன்னா இந்தத் தாளைத் திருத்த முடியாது."

அக்கா திருதிருவென விழித்தாள். "வீட்ல என்னங்க இருக்கு? என் கார்லதான். வண்டி ஆஃப் ஆனா முதல்ல பிரேக்க மிதிக்கணும். அப்புறம் கியர நியூட்ரல்ல போடணும். சாவியத் திருப்பணும். கிளட்ச மிதிச்சு கியர் போட்டு, மெதுவா விடணும். பட்டுனு விட்டா மறுபடி ஆஃப் ஆயிடும்."

தலைமையாசிரியை அந்தக் காகிதத்தை எங்கள் பக்கம் தள்ளினார். மருமகளின் உருண்டை எழுத்து:

'பிரேக்: இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தணும். நியூட்ரல்: பேனாவை வைத்துவிட்டுக் கையைத் தளரவிடணும். சாவி: மூச்சை இழுக்கணும். கிளட்ச்: மெதுவாக, ரொம்ப மெதுவாக, மூச்சை விடணும். இன்று மூன்று தடவை ஆஃப் ஆனேன். இரண்டாவது தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். அவள் இதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. யாரோ முன்சீட்டில் தடுமாறும்போது சொன்னதைப் பின்சீட்டில் இருந்தவள் கேட்டு வைத்திருக்கிறாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அதே காரில் உட்கார்ந்து ஒன்றுமே கற்காதவன் நான்!

தலைமையாசிரியை அந்த விடைத்தாளை மற்ற விடைத்தாள்களின் கட்டோடு சேர்த்தார். "எல்லாக் கேள்வியும் எழுதியிருக்கா" என்றார்.

மூவரும் காரில் ஏறினோம். பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக அக்கா கையில் வண்டி ஆஃப்! பின்னால் ஹாரன் அலறியது. அவள் கண்ணில் நீர் முட்டியது.

பக்கத்து சீட்டிலிருந்து மருமகள் நிதானமாகச் சொன்னாள்: "நியூட்ரல் போடும்மா."

யார் பேச்சையும் கேட்காத என் அக்கா, சொன்னபடி கேட்டாள்.